நொடிக்கு மூன்று: வலிப்பு உள்ளவர்களுக்குத் திரை எப்போது ஆபத்து?

வீட்டில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டால், மாத்திரைக்கு முன்பே கட்டுப்பாடுகள் வந்துவிடும். "போனைத் தொடாதே. டி.வி. பக்கம் போகாதே. கம்ப்யூட்டர் கிளாஸ் வேண்டாம்." நீலகிரியில் கீழ் கோத்தகிரியின் தோட்டத்து லைன் வீடுகளிலும் ஹட்டி எனப்படும் சிற்றூர்களிலும் இப்படிச் சொல்பவர்கள் அக்கறையால்தான் சொல்கிறார்கள். ஆனால், வலிப்பு நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தடை தேவையே இல்லை. தேவைப்படும் சிலருக்கோ இந்தத் தடை மட்டும் போதாது. திரையில் எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று தெரிந்துகொண்டால் இரண்டு பக்கத்துக் குழப்பமும் தீரும்.

யாருக்கு இந்தச் சிக்கல்?

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் ஒளி மினுக்கத்தால் வலிப்பு தூண்டப்படுபவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். இதை ஒளியுணர் வலிப்பு என்பார்கள். குழந்தைகளிடமும் பதின்பருவத்தினரிடமும்தான் இது அதிகம். ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதல். வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடுவதும் உண்டு.

மீதி 97 பேருக்குத் திரை வெளிச்சம் வலிப்பைத் தூண்டுவதில்லை. அவர்களுக்கு ஆபத்து வேறு பக்கத்தில் இருக்கிறது: மாத்திரையைத் தவறவிடுவது, தூக்கம் கெடுவது, காய்ச்சல். இரவு ஒரு மணி வரை போன் பார்த்தால் அவர்களுக்கும் வலிப்பு வரலாம். அதற்குக் காரணம் கெட்டுப்போன தூக்கம்.

தன் பிள்ளை அந்த மூன்று பேரில் ஒருவரா என்று பெற்றோர் ஊகிக்க வேண்டியதில்லை. மூளை மின்னலைப் பதிவான இ.இ.ஜி. எடுக்கும்போதே, முகத்துக்கு முன் ஒரு விளக்கைப் பல வேகங்களில் மினுக்கிப் பார்ப்பார்கள். அந்த மினுக்கத்துக்கு மூளை எப்படி எதிர்வினை செய்கிறது என்பது அலைக்கோட்டில் தெரிந்துவிடும். பரிசோதனைக்காக மலை இறங்கிக் கோயம்புத்தூர் வரை போய் வருபவர்கள், "வெளிச்சம் வைத்துப் பார்த்தீர்களா, பாதிப்பு இருக்கிறதா?" என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரலாம். அந்தப் பதிலை வைத்துத்தான் வீட்டில் எதைத் தடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

மூளையில் என்ன நடக்கிறது?

ஒரு குறிப்பிட்ட தூண்டுதலுக்கு மட்டும் வலிப்பு வருவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. தலையில் சுடுநீர் ஊற்றிக் குளிக்கும்போது வரும் வலிப்பு தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தின் தென்பகுதியில், அதிகம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே தூண்டுவது தலையில் விழும் சூடு. ஒளியுணர் வலிப்பில் தூண்டுவது கண்ணில் விழும் மினுக்கம்.

கண் வழியாக வரும் வெளிச்சம் தலையின் பின்பகுதியிலுள்ள பார்வைப் புறணிக்குப் போய்ச் சேர்கிறது. வெளிச்சம் அணைந்து எரியும் ஒவ்வொரு முறையும் அங்கே ஏராளமான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் துடிக்கின்றன. சாதாரணமாக, அந்தத் துடிப்பு எல்லை மீறாமல் மூளையே கட்டுப்படுத்திக்கொள்ளும். ஒளியுணர் வலிப்பு உள்ளவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு பலவீனமாக இருப்பதால், துடிப்பு பெருகி மூளையின் மற்றப் பகுதிகளுக்கும் பரவிவிடுகிறது.

எல்லா வெளிச்சமும் இதைச் செய்துவிடாது. அது நான்கு விஷயங்களைப் பொறுத்தது.

முதலாவது வேகம். நொடிக்கு 3 முதல் 30 முறை வரை மினுக்குவது ஆபத்து எல்லைக்குள் வரும். 15 முதல் 20 வரை உள்ள வேகம்தான் மிக அதிகம் பேரைப் பாதிக்கிறது.

இரண்டாவது வேறுபாடு. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே தாவுவது, வெளிர்சாம்பலுக்கும் வெள்ளைக்கும் இடையே மாறுவதைவிடப் பல மடங்கு கடுமையானது. இருட்டறையில் ஒரே வெளிச்சமாகத் திரை மட்டும் இருந்தால் இந்த வேறுபாடு இன்னும் கூடும்.

மூன்றாவது பரப்பு. பார்வையின் நடுவே எவ்வளவு இடத்தை மினுக்கம் அடைக்கிறது என்பது.

நான்காவது நிறம். அடர்ந்த சிவப்பின் மினுக்கம் மற்ற நிறங்களைவிட எளிதில் தூண்டும்.

இவற்றோடு கோடுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கறுப்பு வெள்ளைப் பட்டைகள் திரை முழுக்க நெருக்கமாக ஓடினால், மினுக்கம் இல்லாமலே சிலருக்கு அது போதும்.

திரைக்கு வெளியேயும் இது நடக்கும். சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கும் தோட்டச் சாலையில் மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது, பேருந்தின் ஜன்னலோரத்தில் இருப்பவர் கண்ணில் நிழலும் வெயிலும் மாறி மாறி அடிக்கும். 30 கி.மீ. வேகத்தில் பேருந்து நொடிக்கு எட்டு மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. மரங்கள் இரண்டு மீட்டர் இடைவெளியில் இருந்தால் நொடிக்கு நான்கு மினுக்கம். வேகம் கூடினாலோ மரங்கள் நெருங்கினாலோ எண்ணிக்கை ஏறும். ஒளியுணர் வலிப்பு உள்ளவரை வெயில் விழாத பக்கத்து இருக்கையில் உட்கார வைப்பது நல்லது.

ஜப்பானில் ஒரு மாலை

திரையின் ஆபத்தை உலகம் முழுக்கப் புரியவைத்தது 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் கார்ட்டூனின் ஒரு பகுதி. அதில் ஒரு வெடிப்புக் காட்சி. சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை வேகத்தில் மாறி மாறிச் சில நொடிகள் திரையை நிறைத்தன. அன்று 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். செய்தியில் அதே காட்சியைத் திரும்பப் போட்டுக் காட்டியபோது மேலும் சிலர் பாதிக்கப்பட்டார்கள். அந்தத் தொடர் நான்கு மாதங்கள் ஒளிபரப்பாகவில்லை.

அன்று வலிப்பு வந்தவர்களில் பலருக்கு அதற்கு முன் ஒருமுறைகூட வலிப்பு வந்ததில்லை. அந்த வீடுகளில் யாரும் "நீ டி.வி. பார்க்காதே" என்று சொல்லியிருக்க வழியே இல்லை. எச்சரிக்கை வாசகம் ஓடியிருந்தாலும் அது தங்களுக்கானது என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். பார்ப்பவரை மட்டும் எச்சரித்துவிட்டு ஒதுங்கினால் போதாது, காட்சியை உருவாக்குபவரே அதைத் திருத்த வேண்டும் என்ற முடிவுக்கு இது வலுவான சான்றாக ஆனது.

பிரிட்டனில் இந்த முடிவுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். 1993-ல் ஒரு நூடுல்ஸ் விளம்பரம் சிலருக்கு வலிப்பைத் தூண்டியதை அடுத்து அங்கே தொலைக்காட்சிக்கு மினுக்க விதிகள் வந்தன. பர்மிங்காம் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹார்டிங் அதில் முக்கியப் பங்காற்றினார். ஒளிபரப்பும் முன் காட்சியைச் சோதிக்கும் முறை இன்றும் அவர் பெயராலேயே ஹார்டிங் சோதனை என்று அழைக்கப்படுகிறது. அப்படியும் 2007-ல் லண்டன் ஒலிம்பிக் சின்னத்தை அறிமுகப்படுத்திய அசைபடத்தின் ஒரு துண்டு சிலரைப் பாதித்தது. அதை இணையதளத்திலிருந்து நீக்கினார்கள்.

மூன்று என்ற எல்லை

வலைப்பக்கங்களுக்கான உலகப் பொதுவிதி 2008 டிசம்பரில் அதன் இரண்டாம் பதிப்பில் இதை ஒரே வரியில் அடக்கியது: எந்த ஒரு நொடியிலும் மூன்று முறைக்கு மேல் எதுவும் மினுக்கக் கூடாது. மினுக்கினால் அது மிகச் சிறிய பரப்பாகவோ மிக மெல்லிய வேறுபாடாகவோ இருக்க வேண்டும்.

சிறிய பரப்பு என்றால் எவ்வளவு? கையை முழுவதும் நீட்டி முஷ்டியை மடக்கிப் பாருங்கள். அந்த முஷ்டியின் அகலம் பார்வையில் ஏறத்தாழ 10 பாகை. பார்வையின் நடுவில் அந்த அளவுள்ள வட்டத்தில் கால் பங்குக்கு மேல் மினுக்கம் பரவினால் அது விதிமீறல்.

இந்தக் கணக்கு போனைப் பற்றி நாம் நினைத்திருப்பதை மாற்றிவிடும். தமிழகத்தில் 2006 முதல் அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை நினைவிருக்கும். அதன் திரை அகலம் சுமார் 28 செ.மீ. இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது பார்வையில் ஆறரைப் பாகைதான், முஷ்டிக்குள் மறைந்துவிடும். இன்றைய போனின் அகலம் சுமார் 7 செ.மீ. ஆனால் அதை 30 செ.மீ. தூரத்தில் பிடிக்கிறோம். அப்போது அது 13 பாகைக்கு மேல். படுத்துக்கொண்டு இன்னும் அருகில் கொண்டுவந்தால் மேலும் பெரிதாகும். கண்ணுக்கு, கையிலிருக்கும் போன் அந்தப் பழைய டி.வி.யைவிட இரண்டு மடங்கு அகலம்.

இன்னொரு பக்கம், பழைய குழாய்த் திரைகளில் இருந்த ஒரு ஆபத்து இப்போது இல்லை. அவை படத்தை நொடிக்கு 50 முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றுவிட்டு ஒரு கோடாக வரைந்தன; மிக அருகில் உட்கார்ந்தால் 25 முறை துடிக்கும் கோடுகளே கண்ணுக்குத் தெரியும். ஒன்றுமில்லாத செய்தி வாசிப்பைப் பார்த்தாலும் சிலருக்குப் பாதிப்பு வரலாம். "கிட்ட உட்காராதே" என்று அன்று பெரியவர்கள் சொன்னதற்கு ஒளியுணர் வலிப்பு உள்ளவர்கள் விஷயத்தில் நல்ல காரணம் இருந்தது. இன்றைய தட்டைத் திரைகள் படத்தை அப்படி வரைவதில்லை. எனவே இன்று ஆபத்து பெரும்பாலும் திரையில் ஓடும் காட்சியில்தான் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை

ஒளியுணர் வலிப்பு என்று மருத்துவர் உறுதி செய்தவர்களுக்கு இவை.

அறையில் விளக்கு எரியட்டும். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் மலையில் பகலிலேயே அறை இருட்டாகிவிடும். கரண்ட் போன நேரத்தில் போர்வைக்குள் போன் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். மின்னழுத்தம் குறைந்து டியூப் லைட் விட்டு விட்டு எரிந்தால் அதை அணைத்துவிட்டு வேறு விளக்கைப் போடுங்கள்.

திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். போனைத் தள்ளிப் பிடியுங்கள். டி.வி.யை இரண்டரை மீட்டர் தள்ளி இருந்து பாருங்கள்.

போனின் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போனால் ஆண்ட்ராய்டில் அசைவூட்டங்களை நீக்கும் தேர்வும், ஐபோனில் அசைவைக் குறைக்கும் தேர்வும் இருக்கும். ஐபோனில் 2023 முதல், வீடியோவில் மினுக்கும் வெளிச்சங்களை மங்கலாக்கும் ஒரு தேர்வும் உண்டு. ஆனால், எல்லாச் செயலிகளிலும் அது வேலை செய்யாது. யூடியூப், முகநூல் இரண்டிலும் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்த முடியும். வாட்ஸப்பில் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்திவைக்கலாம். அழைப்பு வந்தால் கேமரா விளக்கு மின்னும்படி வைத்திருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

எதிர்பாராமல் மினுக்கும் காட்சி வந்துவிட்டால், உடனே ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்ப வேண்டும். இரண்டு கண்ணிலும் ஒருசேர மினுக்கம் விழும்போதுதான் தூண்டுதல் கடுமை. கண்களை வெறுமனே இறுக மூடுவது உதவாது; இமை வழியாகச் சிவந்த வெளிச்சம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பிள்ளைக்கு இந்தப் பழக்கத்தை விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்கலாம்.

சிலருக்கு அடர்நீலக் கண்ணாடி உதவுகிறது. இத்தாலியில் 610 பேரிடம் நடந்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு குறிப்பிட்ட நீலக் கண்ணாடி முக்கால்வாசிப் பேருக்கு ஒளி எதிர்வினையை முற்றிலும் நிறுத்தியது. கடையில் கிடைக்கும் எல்லா நீலக் கண்ணாடியும் இதைச் செய்துவிடாது. மருத்துவர் சொன்னால் மட்டுமே வாங்குங்கள்.

இவை எதுவும் மாத்திரைக்கு மாற்றில்லை. முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் வலிப்பு நோய் உள்ளவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீலகிரியை அடுத்த சாமராஜநகர் மாவட்டத்தின் எளந்தூரில் டாக்டர் கே.எஸ். மணியின் குழு கிராம மக்களிடையே வேலை செய்து, விலை மலிவான பழைய மருந்துகளாலேயே வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்று காட்டியது. அந்த ஆய்வு 2001-ல் லான்செட் இதழில் வெளியானது. மருந்து தீர்ந்து, மழையில் பாதை அடைபட்டு நாலு நாள் மாத்திரை நின்றுவிட்டால், அது எந்தத் திரையையும்விடப் பெரிய ஆபத்து. கையில் எப்போதும் சில நாளுக்கு மிச்சம் இருக்கட்டும்.

வலிப்பு வந்துவிட்டால்

சுற்றியிருக்கும் கூரான பொருள்களை அகற்றுங்கள். தலைக்கு அடியில் மென்மையாக எதையாவது வையுங்கள். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை. வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். கையைக் காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். எப்போது தொடங்கியது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும் என்பதால் தயங்காமல் முன்கூட்டியே அழைப்பது நல்லது.

திரைக்குப் படம் தருபவர்களுக்கு

இன்று மினுக்கத்தை உருவாக்குபவர்கள் தொலைக்காட்சி நிலையங்களில் மட்டும் இல்லை. கல்யாண வீடியோவுக்கு எடிட்டிங் செய்யும் ஸ்டூடியோக்காரர், பாட்டின் தாளத்துக்கு ஏற்ப ஸ்டேட்டஸ் வீடியோ செய்யும் கல்லூரி மாணவர், திருவிழா மேடையில் எல்.இ.டி. திரையை இயக்குபவர், ஊராட்சிக்கோ பள்ளிக்கோ இணையதளம் வடிவமைப்பவர் என எல்லோரும் இதில் அடக்கம்.

எடிட்டருக்கு ஒரு கணக்கு போதும். வீடியோ நொடிக்கு 30 பிரேம் ஓடுகிறது. ஒன்றுவிட்டு ஒரு பிரேமை வெள்ளையாக்கினால் நொடிக்கு 15 மினுக்கம். இருப்பதிலேயே ஆபத்தான வேகம் அது. நொடிக்கு 24 பிரேம் என்றால் 12 மினுக்கம். ஜப்பானில் ஓடிய வேகம் அது. செயலிகளில் ஸ்ட்ரோப், ஃபிளாஷ் என்ற பெயரில் தயாராகக் கிடைக்கும் எஃபெக்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். 30 பிரேம் வீடியோவில் ஒரு மினுக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 10 பிரேம் விட்டால் நொடிக்கு மூன்றைத் தாண்டாது. 15 பிரேம் விட்டால் இன்னும் நிம்மதி. அதிர்வு வேண்டும் என்றால் வெள்ளைத் தாவலுக்குப் பதில் மெல்ல மங்கி எழும் காட்சி வைக்கலாம், படத்தைச் சற்றே பெரிதாக்கிச் சுருக்கலாம், ஓரத்தில் சிறிய இடத்தில் மட்டும் மின்ன விடலாம். அடர்சிவப்பை மினுக்காதீர்கள்.

வலைப்பக்கம் வடிவமைப்பவருக்கு இன்னும் இரண்டு. தானாகத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் அசைந்தோ மின்னியோ கொண்டிருக்கும் எதற்கும் நிறுத்தும் பொத்தான் இருக்க வேண்டும். பயனர் தன் போனில் அசைவைக் குறைக்கச் சொல்லி வைத்திருந்தால், அந்த விருப்பத்தைப் பக்கம் படித்துக்கொண்டு அசைவை நிறுத்த வேண்டும். இன்றைய உலாவிகளில் இதற்குச் சில வரிக் குறிமுறை போதும். பக்கத்தைச் சோதிக்க பீட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

இவற்றைக் கேட்பது சலுகை இல்லை, உரிமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அரசு இணையதளங்களுக்கான இந்திய வழிகாட்டி 2009-ல் வந்து, 2023-ல் மூன்றாம் பதிப்பை எட்டியது. அது அந்த உலகப் பொதுவிதியையே அளவுகோலாகக் கொள்கிறது. மின்னணுப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தரநிலை உண்டு. பிரிட்டனில் ஒரு படி மேலே போய், வலிப்பு உள்ளவருக்குத் தீங்கு செய்யும் நோக்கில் மினுக்கப் படத்தை அனுப்புவதை 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றமாக்கிவிட்டார்கள்.

சட்டம் வந்து சேரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத இடங்களும் இருக்கின்றன. பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒலி, ஒளி ஏற்பாடு பேசும்போது "ஸ்ட்ரோப் லைட் வேண்டாம், திரையில் மினுக்கும் எஃபெக்ட் வேண்டாம்" என்று தலைமையாசிரியர் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். கோயில் விழாக் குழுவும் அதையே செய்யலாம். வாடகை ஒரு ரூபாய்கூட ஏறாது. கூட்டத்தில் யாருக்கு ஒளியுணர் வலிப்பு என்று அறிவிக்கவும் வேண்டாம், விசாரிக்கவும் வேண்டாம். தனக்கு அது இருப்பதே தெரியாத பிள்ளையும் முன்வரிசையில் உட்கார்ந்து விழாவைப் பார்க்கலாம்.